பாய்லர் வெந்நீரும் முயல் மசாலும்

ஆடு காகிதம் தின்னும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அன்றைக்கு வெள்ளச்சி தின்றது சாதாரணக் காகிதம் இல்லை. முழுசாகத் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று வேறு தலையைத் தூக்கிப் பார்த்தது.

“ஐயோ, நோட்டீசு!” என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள் தீர்த்தம்மாள்.

வெள்ளச்சியின் வாயோரத்தில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கிப் பார்த்தாள். ‘விவசாயிகளே!’ என்ற ஒரு சொல் மட்டும் தப்பித்திருந்தது.

“விவசாயிகளேன்னு கூப்பிட்டிருக்காங்க. எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு வெள்ளச்சியைத்தான் கேக்கணும்” என்றாள் பக்கத்தில் நின்ற ஷகிலா.

தீர்த்தம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஏனென்றால் அந்த நோட்டீசு அவள் படிப்பு சம்பந்தப்பட்டது.

பென்னாகரம் போகும் சாலையில், புளியமரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒரு பஸ் நிறுத்தம். அங்கே ஷகிலாவின் அப்பா சர்தார் டீக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஒரு முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் தீர்த்தம்மாளின் அப்பா மாரப்பனின் மேட்டுக்காடு. மொத்தமே இருபத்தைந்து சென்ட். செம்மண்ணும் சரளைக்கல்லும்தான். மழை பெய்தால் கொள்ளு வரும், பெய்யாவிட்டால் அதுவும் வராது.

ஷகிலாவும் தீர்த்தம்மாளும் ஐந்தாம் வகுப்பு. ஒரே பெஞ்சு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான்.

மாரப்பனிடம் ஐந்து ஆடுகள் இருந்தன. ஊருக்குப் பின்னாலிருக்கும் கரட்டுக் குன்றில் அவை தாமாகவே மேய்ந்து வரும். அந்த வருஷம் கரடு முழுக்க மரக்கன்று நட்டு வேலி போட்டுவிட்டார்கள். இனி ஆட்டை மூன்று மைல் தள்ளி ஆற்றோரம் ஓட்டிப் போக வேண்டும். மாரப்பனும் அவர் மனைவியும் விடிந்தால் கூலி வேலைக்குப் போகிறவர்கள். மிச்சமிருப்பது தீர்த்தம்மாள்தான்.

“அஞ்சாவது வரைக்கும் படிச்சது போதும்” என்று சொல்லிவிட்டார் மாரப்பன்.

அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது மகளின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

வகுப்பு ஆசிரியர் சவுரியப்பன் இதைக் கேட்டுவிட்டு நேராக டீக்கடைக்கே வந்து மாரப்பனைப் பிடித்தார். மாரப்பன் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“வூட்டு வாசல்லயே தீனி இருந்தா நான் ஏங்க சார் புள்ளைய ஆட்டுப் பின்னால அனுப்பறன்? எனக்கு மட்டும் ஆசையா?”

“தீனி வளர்த்துக் காட்டினா?”

“அரைப்பரீட்சை வரைக்கும் பாக்கறனுங்க. அதுக்கு மேல ஆடு பட்டினி கெடக்காது.”

சவுரியப்பன் சார் அந்த சனிக்கிழமையே பஸ் ஏறித் தருமபுரி விவசாய ஆபீசுக்குப் போனார். இரண்டு சின்னத் துணிப்பைகளோடு திரும்பி வந்தார். ஒன்றில் குதிரை மசால் விதை, இன்னொன்றில் முயல் மசால் விதை. இரண்டும் ஆடு மாட்டுக்கான தீவனச் செடிகள், அவரை, பயறுக்குச் சொந்தக்காரச் செடிகள். கூடவே எப்படி விதைப்பது என்று ஒரு நோட்டீசும் இருந்தது. அது எங்கே போயிற்று என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.

“நோட்டீசு போனா போகுது. நம்ம காட்டுல நமக்கு விதைக்கத் தெரியாதா?” என்றார் மாரப்பன்.

ஆடி மாதம். முந்தின நாள் நல்ல மழை. கடைப்பக்கம் இருந்த பாதிக் காட்டில் முயல் மசாலையும், அந்தப் பக்கத்துப் பாதியில் குதிரை மசாலையும் விதைத்தார்கள். ஷகிலாவும் போய் விதை தூவினாள். முயல் மசால் விதையில் ஒரு சிட்டிகையைத் தீர்த்தம்மாள் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டால், “சும்மா இருக்கட்டும்” என்றாள்.

மறுநாள் சாயங்காலம்தான் அது நடந்தது.

டீக்கடையில் இருந்த செம்பு பாய்லருக்கு வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே ஈயம் பூச வேண்டும். ஈயம் பூசுகிறவர் மறுநாள் காலையில் வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். “ஷகிலா, பாய்லரைக் காலி பண்ணிடலாம். நான் புடிச்சுத் தர்றேன், நீ கொண்டு போய்க் கொட்டு. மேல ஊத்திக்காதே” என்றார் சர்தார்.

அடுப்புக் கரி அணைந்துவிட்டது. ஆனாலும் தண்ணீர் கை வைக்க முடியாத சூடு. அப்பா அரை வாளி அரை வாளியாகப் பிடித்துக் கொடுத்தார். ஷகிலா பின்பக்கம் போய், வேலிக்கு அந்தப் பக்கம் வீசிக் கொட்டினாள். கடையில் கிளாஸ் கழுவுகிற தண்ணீரை நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கேதான் கொட்டுகிறாள். கை அது பாட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று.

எட்டாவது வாளியைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தாள். வேலிக்கு அப்பால் தீர்த்தம்மாள் வாயைப் பிளந்து நின்றிருந்தாள். மண்ணிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

“ஷகீ… அங்கதான நேத்து முயல் மசால் போட்டோம்?”

வாளி ஷகிலாவின் கையிலிருந்து தானாக நழுவியது.

சத்தம் கேட்டு மாரப்பன் ஓடி வந்தார். தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். “விதைச்ச காட்டுல சுடுதண்ணி ஊத்தற ஆளை இப்பத்தான் பாக்கறன்! ஏம் பாப்பா, கண்ணு எங்க இருந்துச்சு?”

சர்தார் வந்து மன்னிப்புக் கேட்டார். “வுடுங்க பாய், புள்ள தெரியாம செஞ்சிருச்சு” என்று மாரப்பனே கடைசியில் சொன்னார். தீர்த்தம்மாளும் “பரவால்ல ஷகீ” என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தப் ‘பரவால்ல’தான் ஷகிலாவை ராத்திரி சாப்பிட விடவில்லை.

ஐந்தே நாளில் குதிரை மசால் முளைத்துவிட்டது. அந்தப் பக்கத்துப் பாதி முழுக்கப் பச்சை. பார்க்கவே ஆசையாக இருந்தது. கடைப்பக்கம் இருந்த பாதியோ விதைத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே கிடந்தது.

ஈயம் பூசிய பாய்லர் பளபளவென்று திரும்பி வந்தது. டீக் குடிக்க வருகிறவர்களுக்குப் பேச ஒரு விஷயமும் கிடைத்தது.

“பாய், உங்க பொண்ணு மசாலை வேக வெச்சிருச்சாமே. தாளிக்கலியா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஷகிலா தலை நிமிராமல் கிளாஸ் கழுவினாள். கழுவின தண்ணீரை இப்போதெல்லாம் சாலைப் பக்கத்துச் சாக்கடைவரை நடந்து போய்க் கொட்டிவிட்டு வந்தாள்.

“முயலு போனா என்ன, குதிரை இருக்குல்ல” என்று தீர்த்தம்மாள் அவளைத் தேற்றினாள்.

ஆனால் மூன்றாவது வாரம் குதிரைக்கு என்னவோ ஆயிற்று. இலை மஞ்சளாக ஆரம்பித்தது. மழை நின்று வெயில் சுள்ளென்று அடித்தது. தீர்த்தம்மாள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். அரைச்சாண் உயரத்துக்கு மேல் ஒரு செடியும் எழும்பவில்லை. கடைப்பக்கத்துப் பாதியை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு நாள் வகுப்பில் தீர்த்தம்மாள் தன் கலர் பென்சில் டப்பாவை எடுத்து ஷகிலாவின் பக்கம் தள்ளினாள்.

“நீயே வெச்சுக்கோ. எனக்கு இனிமே எதுக்கு?”

ஷகிலா அதைத் திருப்பித் தள்ளினாள். தீர்த்தம்மாள் மறுபடி தள்ளினாள். டப்பா பெஞ்சின் நடுவிலேயே கிடந்தது. அன்றைக்கு இருவரும் அதைத் தொடவில்லை.

அடுத்த நாள் காலை. ஷகிலா கடைக்குப் பின்னால் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது என்று இத்தனை நாள் முடிவு செய்திருந்தவள், அன்று ஏனோ பார்த்துவிட்டாள்.

வேலியை ஒட்டி, பிறைநிலா வடிவத்தில், மண்ணில் ஒரு பச்சைக் கோடு.

கிளாசைப் போட்டது போட்டபடி வேலிச் சந்தில் நுழைந்து ஓடினாள். பாவாடை முள்ளில் மாட்டி டர்ரென்று கிழிந்தது. குனிந்து பார்த்தாள். மும்மூன்று இலையாக, மெல்லிசான, கூரான நுனியோடு குட்டிக்குட்டிச் செடிகள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த இடம் அது. எட்டு வாளித் தண்ணீரும் விழுந்த இடம்.

“தீர்த்தா! ஏய், தீர்த்தா!”

தீர்த்தம்மாளோடு மாரப்பனும் வந்தார். “ஏதாச்சும் களையா இருக்கும்” என்றார். ஷகிலா ஒரு செடியை மெதுவாகப் பிடுங்கினாள். அடியில் விதையின் தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தீர்த்தம்மாள் தீப்பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒன்றேதான்.

“நான் சுடுதண்ணி ஊத்தாத இடத்துல ஒண்ணுகூட முளைக்கல” என்றாள் ஷகிலா யோசனையோடு.

“தண்ணி ஊத்தினதால முளைச்சிருக்கும்.”

“விதைக்கறதுக்கு முந்தின நாள் மழை காடு பூரா பேஞ்சுதே. அப்பறமும் பேஞ்சுது. அப்போ தண்ணி இல்ல தீர்த்தா. சூடு!”

மாரப்பன் சிரித்துவிட்டார். “விதைக்குக் குளுருதாக்கும்?”

“மாமா, நீங்க சிரிங்க. நாங்க பாத்துக்கறோம்” என்றாள் ஷகிலா. ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் குரல் பழையபடி வந்திருந்தது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் மூன்று கிளாஸ்கள் தனியாக வரிசையில் நின்றன. தீப்பெட்டி விதையை எண்ணி, கிளாசுக்குப் பத்தாகப் போட்டார்கள். முதல் கிளாசில் பானைத் தண்ணீர். மூன்றாவதில் கொதிக்கக் கொதிக்கப் பாய்லர் தண்ணீர். அதை அப்படியே அடுப்போரம் வைத்துவிட்டார்கள். இரண்டாவதில் விரல் நுனி பட்டாலே சுரீரென்று எடுக்கிற சூட்டில் வெந்நீர்.

“இதை ரொம்ப நேரம் வெக்கக்கூடாது. அன்னிக்கு மண்ணுல விழுந்த தண்ணி கொஞ்ச நேரத்துல ஆறியிருக்கும்ல? அதே மாதிரி செய்யணும். இருநூறு எண்ணு” என்றாள் ஷகிலா.

தீர்த்தம்மாள் நூற்று முப்பதில் இருந்தபோது சேலம் பஸ் வந்து நின்றது. ஒருவர் இறங்கி வந்து, அவசரத்தில் வரிசையில் இருந்த கிளாஸ் ஒன்றைத் தூக்கிவிட்டார்.

“அது குடிக்கறது இல்லீங்க!”

அவர் உற்றுப் பார்த்தார். “என்னம்மா இது, டீயில ஏலக்காய் போட்டிருக்கியா? டீயக் காணோம்?”

“எத்தனைல நிறுத்தினே?” என்று கேட்டாள் ஷகிலா.

“ஏலக்காய்ல” என்றாள் தீர்த்தம்மாள் பாவமாக.

மறுபடி குத்துமதிப்பாக எண்ணி, வெந்நீரை வடித்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊற வைத்தார்கள். காலையில் மூன்று கிளாஸ் விதையையும் ஈரச் சாக்கில் தனித்தனியாகப் பரப்பினார்கள். ஐந்தாம் நாள் பார்த்தால், பானைத் தண்ணீரில் ஊறியதில் ஒன்றே ஒன்று முளைத்திருந்தது. அடுப்போரம் கொதித்தது கூழாகிவிட்டது. வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறியதில் எட்டு முளைத்திருந்தன.

சர்தார் சாக்கை விட்டு நகரவே இல்லை. “அப்ப நீ வேக வெக்கலையே” என்றார் மகளிடம். “எழுப்பிவிட்டிருக்கே.”

சவுரியப்பன் சார் வந்து பார்த்தார். முயல் மசால் விதைக்குத் தோல் ரொம்பக் கெட்டி, தண்ணீர் உள்ளே போகவே போகாது, சூடு பட்டால்தான் தோல் இளகி வழி விடும் என்று அவருக்கும் புரிந்துவிட்டது. “எனக்கே இது தெரியாமப் போச்சே” என்று வெட்கப்படாமல் சொன்னார்.

“அப்போ குதிரை மட்டும் ஏன் சார் வந்துட்டு வாடுது?” என்றாள் தீர்த்தம்மாள்.

அதற்கு அவர் பென்னாகரம் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நீல நிறக் காகிதத் துண்டுகள் சிலவற்றைக் கேட்டு வாங்கி வந்தார். மாரப்பனின் காட்டு மண்ணைத் தண்ணீரில் கரைத்து, ஒரு துண்டை நனைத்தார். நீலம் மெல்லச் சிவப்பாயிற்று.

“உங்க மண்ணு புளிப்பு, மாரப்பன்.”

“புளிப்புங்களா? நான் நக்கிப் பாத்ததில்லீங்களே சார்!”

பிறகு இரண்டு செடிகளையும் வேரோடு எடுத்துப் பார்த்தார்கள். முயல் மசாலின் வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள். மஞ்சளான குதிரை மசாலின் வேர் மொழுக்கென்று இருந்தது. “இந்த முடிச்சிலதான் செடி தனக்கு உரம் தயார் பண்ணிக்குது. புளிச்ச மண்ணுல குதிரைக்கு முடிச்சு வராது. இந்த வெயிலும் அதுக்கு ஆகாது, குளிர்தான் புடிக்கும். முயலுக்கு ரெண்டும் கவலையில்ல” என்றார் சார்.

“மண்ணை மாத்த முடியாதுங்களா?”

“வண்டி வண்டியாச் சுண்ணாம்பு கொட்டினா மாறும்.”

“நம்மகிட்ட வெத்தலைக்குத் தடவற அளவுதாங்க இருக்கு” என்றார் மாரப்பன்.

“மண்ணை ஏன் மாத்தணும்?” என்றாள் ஷகிலா. “இந்த மண்ணு புடிச்ச செடியே இருக்கும்போது?”

சார் மறுபடியும் தருமபுரிக்குப் பஸ் ஏறினார். விதை கிடைத்தது. நோட்டீசு தீர்ந்துவிட்டதாம், வந்தால் தபாலில் அனுப்புகிறார்களாம்.

புரட்டாசியில் முதல் மழை விழுந்த மறுநாள், விடியற்காலையில் மாரப்பன் டீக்கடை முன்னால் வந்து நின்றார். கையில் விதைப்பை, தலையில் முண்டாசு.

“டீயா மாமா?” என்றாள் ஷகிலா.

“டீ அப்பறம். ஒரு வாளி சுடுதண்ணி குடு பாப்பா. நீயே சூடு பாத்துக் குடு. எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது.”

டீக் குடிக்க வந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். தாளிக்கவில்லையா என்று அன்று கேட்டவரும் இருந்தார். இன்றைக்கு அவர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஷகிலா விரல் நுனியை வைத்துச் சுரீரென்று எடுத்தாள். “சரியா இருக்கு மாமா!”

ஐப்பசியில் காடு முழுக்கப் பச்சையாயிற்று. கார்த்திகையில் முழங்கால் உயரம். இடையில் பத்து நாள் மழையில்லை. முயல் மசால் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

மார்கழியில், அரைப்பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை, மாரப்பன் முதல் அறுப்பு அறுத்தார். ஒரு கட்டைக் கொண்டு போய் வெள்ளச்சியின் முன்னால் போட்டார். தீர்த்தம்மாள் ஷகிலாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இத்தனை பாடு பட்டும், தின்கிறவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

வெள்ளச்சி மோந்து பார்த்தது. ஒரு தழையைக் கடித்தது. நின்று யோசித்தது. பிறகு தலையைக் கட்டுக்குள் விட்டது, வெளியே எடுக்கவே இல்லை.

மாரப்பன் மிச்சக் கட்டுகளை எண்ணினார். கோடைக்குக் காய வைத்துப் போர் போட்டுக்கொள்ளலாம், மழை வந்தால் மறுபடி தழையும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைசியில் மகளிடம் திரும்பி, இந்தத் தடவை முகத்தைப் பார்த்தே சொன்னார்:

“போய்ப் பரீச்சைக்குப் படி புள்ள. இங்க என்ன வேடிக்க?”

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, சவுரியப்பன் சார் வருகைப் பதிவேட்டை விரிப்பதற்கு முன்னால் ஒரு தபால் உறையைப் பிரித்தார். உள்ளே அதே நோட்டீசு. உரக்கப் படித்தார்.

“விவசாயிகளே! முயல் மசால் விதையை விதைக்கும் முன் நான்கு நிமிடம் வெந்நீரில் நனைத்து, பின் குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊற வைக்கவும்…”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. “வெள்ளச்சிக்கு மொதல்லயே தெரியும் சார், சொல்லாம வுட்டுருச்சு!” என்றான் பின்பெஞ்சு மாது.

ஷகிலா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயராக நெருங்கி வந்தது.

“தீர்த்தம்மாள்.”

பதிலில்லை. சார் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி வாசலைப் பார்த்தார். வெளியே தடதடவென்று கால் சத்தம் கேட்டது.

“வந்துட்டா சார்! வந்துட்டா!” ஷகிலா பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டாள்.

மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றாள் தீர்த்தம்மாள். தலையில் இரண்டு முயல் மசால் தழை ஒட்டியிருந்தது. “ஆட்டுக்குத் தீனி போட்டுட்டு வந்தேன் சார், அதான்…” என்றவள், பெஞ்சின் மேல் நிற்பவளைப் பார்த்து முறைத்தாள்.

“நீ எறங்கு. என் பேரை நானே சொல்லிக்கறேன்.”

பிறகு நிமிர்ந்து நின்று, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்:

“உள்ளேன் ஐயா!”